வீட்டில் ஜிகர்தண்டா: எங்கே சொதப்புகிறது?

வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்தில் ஆசை வந்து, மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் அன்றைக்கு ஜிகர்தண்டா கிடைக்காது. மதுரை விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் ஒரு நிமிடத்தில் கிளாஸை நிரப்பித் தருகிறார்கள் என்றால், அதில் சேரும் ஒவ்வொன்றும் முன்கூட்டியே தயாராகிக் குளிர்ந்து காத்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் கெடுவது பெரும்பாலும் அவசரத்தால்தான்.

முதல் தவறு பாதாம் பிசினில். நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே 'பிசின்' என்று கேட்டால் சில இடங்களில் கருவேலம் பிசினைத் தந்துவிடுவார்கள். அது தண்ணீரில் கரைந்து பசையாகுமே தவிர உப்பாது. பாதாம் பிசின் என்று தெளிவாகக் கேளுங்கள். நாலு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி தாராளம். தூசி போக அலசி, மூன்று கப் தண்ணீரில் இரவே போட்டுவிட வேண்டும். எட்டு மணி நேரமாவது, கட்டி பெரிதாக இருந்தால் பன்னிரண்டு மணி நேரம் ஊற வேண்டும். காலையில் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் குருணை போல ஒன்று தட்டுப்பட்டால் இன்னும் ஊறவில்லை. அந்தக் குருணை பல்லில் கடிபடும். ஊறாததை விழுங்குவதும் நல்லதல்ல, வயிற்றுக்குள் போய் உப்பும். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஊறியதில் பட்டைத் துணுக்குகள் கறுப்பாக மிதக்கும். அவற்றைப் பொறுக்கிவிட்டு வடிகட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கோடையில் இரவு முழுக்க வெளியில் ஊறினால் தண்ணீர் வாடையடிக்கும் என்பதால், ஊற வைப்பதையும் ஃப்ரிட்ஜிலேயே செய்யலாம்.

பிசினுக்குப் பதில் கடல்பாசி போடுகிறவர்கள் 5 கிராமை 300 மில்லி தண்ணீரில் இழை முழுவதும் கரையும்வரை கொதிக்கவிட வேண்டும். இழை தெரிந்தால் சரியாக உறையாது. சாதாரண சூட்டிலேயே உறைந்துவிடும். சீக்கிரம் ஆகட்டும் என்று ஃப்ரீசரில் வைத்தால், வெளியே எடுத்ததும் தண்ணீர் விட்டு சவசவத்துப் போகும்.

இப்போது பால். இதில்தான் ருசியே இருக்கிறது. நீலப் பாக்கெட் பாலில் கொழுப்பு 3 சதவீதம்தான், எவ்வளவு சுண்டினாலும் கனம் வராது. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் போல 6 சதவீதக் கொழுப்புள்ள பாலில் ஒன்றரை லிட்டர் எடுத்து, அகலமான அடிகனமான பாத்திரத்தில், தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்காமல், குறைந்த தீயில் சுமார் 900 மில்லியாகச் சுண்டவிடுங்கள். ஓரத்தில் படியும் ஏட்டை வழித்து வழித்து உள்ளே தள்ள வேண்டும். தீயைக் கூட்டினால் அடிபிடிக்கும். அடிபிடித்த வாடையை ஏலக்காயாலும் மறைக்க முடியாது. சர்க்கரையை ஆரம்பத்திலேயே கொட்டாதீர்கள், அடிபிடிப்பது இன்னும் சுலபமாகிவிடும்.

அந்த இளம்பழுப்பு நிறம் வேண்டுமென்றால் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையை வெறும் வாணலியில் தேன் நிறத்துக்கு உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கரண்டி சூடான பாலை மெதுவாக ஊற்றிக் கரையுங்கள். பொங்கிச் சீறும், முகத்தைத் தள்ளி வையுங்கள். ஆறிய பாலை ஊற்றினால் கல்லாக இறுகும். தேன் நிறம் தாண்டிக் கறுத்தால் கசப்பு, அதைக் கொட்டிவிட்டு மறுபடி உருக்குவதே மேல். கரைந்ததை மொத்தப் பாலிலும் கலந்துகொள்ளலாம்.

இந்தப் பாலில் 500 மில்லியைத் தனியே எடுத்துக் குளிரவைக்கவும். மீதியை இன்னும் சுண்டி 250 மில்லியாக்கி, நாலு மேசைக்கரண்டி சர்க்கரை சேர்த்தால் அதுதான் ஐஸ்கிரீம். குடிக்கும் பாலை விட இனிப்பு தூக்கலாகத் தெரியட்டும்; உறைந்த பிறகு நாக்குக்கு இனிப்பு குறைவாகவே படும். சூட்டோடு ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. மெதுவாக உறையும்போது தண்ணீர் பெரிய பெரிய ஊசிகளாகப் பிரிந்து நறநறக்கும். ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்தபின் மூடி போட்ட டப்பாவில் உறையவிட்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை என இரண்டு தடவை எடுத்து அடித்துவிடுங்கள். மூடி இல்லாவிட்டால் மீன் வாடையைக்கூட இழுத்துக்கொள்ளும்.

நன்னாரி சர்பத்தைச் சோதிக்காமல் ஊற்றிவிடாதீர்கள். எலுமிச்சைச் சர்பத்துக்கென்று விற்கும் பல பாட்டில்களில் சிட்ரிக் அமிலம் இருக்கும், லேபிளில் 330 என்ற எண்ணைப் பாருங்கள். அது பாலைத் திரித்துவிடும். கால் கிளாஸ் குளிர்ந்த பாலில் ஒரு கரண்டி விட்டு ஐந்து நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். வேரிலிருந்து வீட்டிலேயே எடுப்பதானால், நசுக்கி, நடுத்தண்டை நீக்கிய 50 கிராம் வேர்ப்பட்டையில் அரை லிட்டர் வெந்நீர் ஊற்றி இரவு மூடி வையுங்கள். காலையில் வடிகட்டி 750 கிராம் சர்க்கரை கரையும் அளவுக்கு மட்டும் சூடாக்கினால் போதும். கொதிக்கக் கொதிக்க வாசனை ஆவியோடு போய்விடும்.

கிளாஸில் ஐஸ் கட்டி போடவே போடாதீர்கள். ஒரு மணி நேரம் சுண்டியதை ஐந்து நிமிடத்தில் தண்ணியாக்கிவிடும். கிளாஸையே ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடியில் இரண்டு மேசைக்கரண்டி பிசின், அதன்மேல் ஒன்றரை மேசைக்கரண்டி நன்னாரி சர்பத், 125 மில்லி பால் ஊற்றி ஒரே ஒரு கலக்கு, மேலே ஐஸ்கிரீம். கலந்ததை எடுத்து வைக்க முடியாது. குளிர்ந்த பாலும் பிசினும் தனித்தனியாக ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். கரண்ட் போய் உருகிய ஐஸ்கிரீமை மட்டும் மறுபடி உறையவைக்க வேண்டாம்.