முதல் போணி ஆனதும் பெட்டியை அளந்துவிடுங்கள்

புது வருஷத்தின் முதல் போணி ஆகிவிட்டதா? ரொம்பச் சந்தோஷம், அந்த ரூபாயைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், பார்சல் கட்டும் முன் பெட்டியை அளந்துவிடுங்கள்.

பல கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுத்து, அதையும் கிலோ எடையாகப் பார்ப்பார்கள்; நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. ஒரு கிலோ சுடுமண் பொம்மையை 30×30×20 பெட்டியில் வைத்தால் 3.6 கிலோவுக்குக் காசு. போன தை மாதம் என் லாபம் அப்படித்தான் கரைந்தது. 25×20×15 பெட்டி என்றால் 1.5 கிலோதான்.

பவானி ஜமக்காளம், சென்னிமலை பெட்ஷீட் விற்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. இறுக்கி மடித்தால் அடங்கிவிடும். பொம்மைக்கு மட்டும், சுற்றிலும் பழைய பேப்பரைக் கசக்கித் திணியுங்கள். பெட்டியை ஆட்டினால் சத்தமே வரக்கூடாது.