நீலக்கல் வாங்கும் முன் இதைக் கேளுங்கள்

செப்டம்பரில் பிறந்தவர்களுக்கான கல் நீலக்கல். இன்று வழங்கும் பிறப்புக்கல் பட்டியலுக்கு அடிப்படை, 1912-இல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் வகுத்த பட்டியல்தான். ஆனால் இந்தக் கல்லின் மீதான ஈர்ப்பு அதைவிட மிகப் பழையது. இது குருந்தம் என்னும் கனிமம். அதன் ஆங்கிலப் பெயரான corundum நம் தமிழ்ச் சொல்லிலிருந்தே போனது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இரும்பும் டைட்டானியமும் சிறிதளவு சேர்ந்தால் நீலம். குரோமியம் சேர்ந்தால் அதே கனிமம் மாணிக்கம்.

வாங்கும்போது விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது, கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பது. நிறம் மேம்படச் சூடேற்றுவது வழக்கமானது, நிலைத்து நிற்கும். விரிசலில் கண்ணாடி நிரப்பிய கல்லைத் தவிர்த்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறுகூட அந்தக் கண்ணாடியை அரித்துவிடும். கடை விளக்கில் மயங்காமல் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். உருப்பெருக்கியில் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது ஆய்வகத்தில் உருவான கல்.

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் நீலக்கல்லின் கடினம் 9. அதனால் தினமும் அணியலாம். ஆனால் முத்துடன் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், முத்தில் கீறல் விழும். சுத்தம் செய்ய வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.