செலவைக் குறைத்து ஒரு பவளத் தொட்டி: முதல்முறை அமைப்பவர்களுக்கு

என் முதல் கடல்நீர்த் தொட்டியில் பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்க ஆரம்பித்தபோது நான் பழிபோட்டது விளக்கின் மேல். விலை கூடிய விளக்கு ஒன்றை வாங்கி மாட்டினேன். பவளங்கள் இன்னும் சுருங்கின. கடைசியில் பார்த்தால் கோளாறு என் கையில்தான் இருந்தது. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதிலாகத் தினமும் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். பள்ளியில் படித்த பாடம்தான், வாளியைத் தூக்கும்போது ஞாபகம் வரவில்லை. நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியாகும் 90 லிட்டர் தொட்டியில் பத்து நாள் இந்தத் தப்பைச் செய்தால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 39-ஐ நெருங்கிவிடும்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: நல்ல தண்ணீர், உப்பை அளக்கும் கருவி, நம்பகமான ஹீட்டர், இந்த மூன்றில் கஞ்சத்தனம் கூடாது. மற்றதைப் பழையதாக வாங்கலாம், தள்ளிப்போடலாம், பலவற்றை வாங்காமலே விடலாம். கீழே சொல்வது சுமார் 90 லிட்டர் தொட்டியில் மென்பவளங்களும் இரண்டு மூன்று சிறு மீன்களும் வளர்ப்பதற்கான முறை.

1. தொட்டியும் அது நிற்கும் இடமும்

சின்னத் தொட்டி என்றால் செலவு குறைவு என்று எல்லோரும் நினைக்கிறோம். 20 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் செத்தாலே தண்ணீர் கெட்டுவிடும், ஒரு மதிய வெயிலில் சூடு ஏறிவிடும். தண்ணீர் அதிகமாக இருக்க இருக்க மாற்றங்கள் மெதுவாக நடக்கும், தப்பைத் திருத்த நேரம் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம் உள்ள தொட்டி கைக்கு அடக்கமானது, கழுவவும் எளிது.

பழைய தொட்டி தாராளமாக வாங்கலாம். விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் செம்பு கலந்த மீன் மருந்து எப்போதாவது ஊற்றினீர்களா? நத்தை, இறால், பவளம் மூன்றுக்கும் செம்பு விஷம். ஊற்றியிருந்தால் அந்தத் தொட்டியின் பாறை, மணலைத் தொடவே வேண்டாம். சோப்புப் போடாமல் வினிகரால் துடைத்து, சாதாரணத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் வையுங்கள். ஒழுகினால் இப்போதே தெரிந்துவிடும்.

தண்ணீர், பாறை, கண்ணாடி எல்லாம் சேர்ந்து 120 கிலோவுக்கு மேல் வரும். மேசை ஆடாமல் மட்டமாக நிற்க வேண்டும். நேர் வெயில் படும் இடம் வேண்டாம். மின் இணைப்புப் பலகை தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தொட்டியை விட்டுத் தள்ளி இருக்கட்டும். ஒவ்வொரு வயரும் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறிப் பிளக்கிற்குப் போகட்டும், அப்போதுதான் வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இதில் பைசா செலவில்லை, இருந்தாலும் பலர் செய்வதில்லை.

2. தண்ணீரும் உப்பும்

குழாய்த் தண்ணீரில் குளோரின், நைட்ரேட், பாஸ்பேட், சில சமயம் குழாயிலிருந்து கரைந்த செம்புகூட இருக்கும். வேண்டியது ஆர்.ஓ. வடிகட்டியோடு டி.ஐ. எனப்படும் அயனி நீக்கும் கட்டமும் சேர்ந்து சுத்தம் செய்த தண்ணீர், அதாவது நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் தண்ணீர். கருவியைச் சொந்தமாக வாங்க முடியாவிட்டால் கேனில் வாங்கலாம். எங்கே வாங்கினாலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

சமையல் உப்பு இதற்கு உதவாது. பவளத் தொட்டிக்கென்று கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கலந்து விற்கும் கடலுப்புக் கலவை வேண்டும். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை பிடிக்கும். வாளியில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு. மாற்றிச் செய்தால் அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்து கலவையே வீணாகும். ஒரு சிறு பம்ப் ஓடவிட்டுத் தெளியும் வரை, முடிந்தால் ஒரு நாள், கலக்க விடுங்கள். முதல்முறை நிரப்பும்போது தொட்டிக்குள்ளேயே கலக்கலாம். உயிர்கள் வந்த பிறகு வாளியில்தான்.

உப்பை அளக்க, ஒளி வளைவதை வைத்து அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் மானி மலிவு, ஆனால் அதில் ஒரு குமிழி ஒட்டினாலே கணக்கு தப்பும். ரிஃப்ராக்டோமீட்டரைச் சும்மா சுத்தத் தண்ணீரில் பூஜ்யத்துக்குச் சரிசெய்துவிட்டு நம்பிவிடாதீர்கள், 35 அளவுள்ள திருத்தக் கரைசல் ஒரு சின்ன பாட்டிலில் கிடைக்கும், அதில் சரிபார்ப்பதே உறுதி. இலக்கு: ஆயிரத்துக்கு 35 பங்கு, அல்லது 25 டிகிரி வெப்பத்தில் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026.

3. பாறை, மணல்

பவளத் தொட்டியின் உண்மையான வடிகட்டி பாறைதான். 1961-லேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, கடல்நீர், காற்றுக் குமிழி, வெளிச்சம் என்ற அளவிலேயே தொட்டி நடத்தி அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பாறையின் துளைகளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் மீனின் கழிவைச் சுத்தம் செய்கின்றன.

உயிர்ப்பாறை விலை அதிகம், கூடவே அழைக்காத விருந்தாளிகளும் வருவார்கள். குறிப்பாக அயிப்டேசியா என்ற சின்னக் கடல் சாமந்தி (அனிமோன் எனப்படும் உயிரி), ஒன்று புகுந்தால் நூறாகும். அதனால் காய்ந்த பாறையை வாங்குங்கள். லிட்டருக்கு 100 கிராம் போதும், 90 லிட்டருக்கு 9 கிலோ. நல்ல துளைகள் உள்ள இலேசான பாறை என்றால் இன்னும் குறையும். நம்பிக்கையானவர் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி உயிர்ப்பாறை கிடைத்தால் விதை நெல்லைப் போல அதைச் சேர்த்துக்கொள்ளலாம். கடற்கரையில் கிடக்கிறதே என்று நீங்களாகப் பாறையோ பவளமோ எடுத்து வரவேண்டாம். பல நாடுகளில் அது குற்றம். கல்பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. எதை வாங்கும் முன்னும் உங்கள் நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பாறையை முதலில் தொட்டியின் அடிக் கண்ணாடிமேல் ஆடாமல் அடுக்குங்கள். மணல் அதற்குப் பிறகுதான். மணல்மேல் பாறையை வைத்தால் ஏதாவது மீன் அடியில் குழி தோண்டி ஒருநாள் எல்லாம் சரிந்து கண்ணாடியில் விழும். அரகோனைட் எனப்படும் சுண்ணாம்பு மணலை நன்றாகக் கழுவி இரண்டு மூன்று சென்டிமீட்டர் பரப்பினால் போதும். பாறைக்கும் கண்ணாடிக்கும் நடுவே துடைப்பான் போகும் இடைவெளி விடுங்கள்.

4. எந்தக் கருவி, எது வேண்டாம்

90 லிட்டர் தொட்டியில், வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறவருக்கு, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் அவசியமில்லை. தொட்டிக்குக் கீழே தனித்தொட்டி வைக்கும் சம்ப் முறையும் வேண்டாம். இந்த இரண்டையும் விட்டாலே செலவில் பெரும்பகுதி மிச்சம்.

அலை பம்ப் கட்டாயம். மணிக்குத் தொட்டி அளவைப் போல் 15 முதல் 20 மடங்கு தண்ணீரைத் தள்ளினால் மென்பவளங்களுக்குப் போதும், அதாவது மணிக்கு 1,400 முதல் 1,800 லிட்டர். பெரிய பம்ப் ஒன்றைவிடச் சின்னது இரண்டு எதிரெதிரே இருந்தால் நீரோட்டம் ஒழுங்கில்லாமல் சுழலும், பவளங்களுக்கு அதுதான் பிடிக்கும். ஒன்று நின்றாலும் மற்றொன்று ஓடும்.

ஹீட்டர் 100 வாட் போதும். வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் நிலையாக இருக்கட்டும். மலிவு ஹீட்டர் கெட்டால் அணைந்துபோவது மட்டுமில்லை, சில சமயம் அணையாமலே ஓடித் தொட்டியைக் காய்ச்சிவிடும். ஆகவே தனியாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து அதன் வழியே ஹீட்டரை இணையுங்கள். வெயில் காலத்தில் நேர்மாறான பிரச்சினை வரும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன விசிறி வீசினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியாவதும் கூடும், நன்னீர் ஊற்றுவதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

விளக்கைப் பற்றித்தான் அதிகம் பயமுறுத்துவார்கள். பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்கு ஊட்டம் தருகிறது. அதற்கு நீல ஒளி தூக்கலாக உள்ள பவளத் தொட்டிக்கான ஒரு சாதாரண எல்இடி விளக்கு மென்பவளத்துக்குப் போதுமானது. டைமர் வைத்து நாளைக்கு எட்டு மணி நேரம்.

5. காத்திருக்கும் வாரங்கள்

சரி, தொட்டி நிரம்பிவிட்டது, பம்ப் ஓடுகிறது, தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கிறது. இப்போது மீன் விட்டால் சாகும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் இருவகை பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறவில்லை. இவற்றில் அம்மோனியாதான் கடும் நஞ்சு, கடல்நீரில் மற்ற இரண்டும் அவ்வளவு இல்லை.

மீனை வைத்துச் சோதிக்காமல் அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சேர்த்து அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். அது கிடைக்காவிட்டால் உரித்த இறால் துண்டு ஒன்றைப் பழைய காலுறையில் கட்டித் தொங்கவிடலாம், நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால். பாட்டிலில் வரும் பாக்டீரியா ஊற்றினால் வேகம் கூடும். விளக்கை அணைத்தே வையுங்கள், பாசிக்கு விருந்து வைக்க வேண்டியதில்லை.

இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் எகிறும், பிறகு அதுவும் இறங்கும். நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கலாம். 2 பிபிஎம் அம்மோனியா சேர்த்து 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் அசிங்கமான கட்டம் ஒன்று வரும். மணல், பாறை, கண்ணாடி எல்லாவற்றிலும் டீ கொட்டியது போல் பழுப்பு படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி. அது போனதும் பச்சை இழைப்பாசி வரும். புதியவர்கள் பலர் இங்கேதான் பயந்து மருந்து மாயம் என்று வாங்கிக் குவிக்கிறார்கள். ஒன்றும் வாங்காதீர்கள். நான்கைந்து பாசி தின்னும் நத்தைகளை விட்டு, கையால் பிடுங்கி, தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தால் ஓரிரு மாதத்தில் அடங்கும்.

6. முதல் உயிர்கள்

பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி நல்ல தொடக்கம். இவை எல்லாமே பிறப்பில் ஆண்தான், ஜோடியில் ஆதிக்கம் செலுத்தும் பெரியது பெண்ணாக மாறிவிடும். எனவே அளவில் வித்தியாசமுள்ள இரண்டு குட்டிகளை வாங்கினாலே ஜோடி தானாக அமையும். கூட வாழக் கடல் சாமந்தி தேவையில்லை. சாமந்திக்கு ஒரு வருடமாவது பழகிய தொட்டி வேண்டும், தவிர அது நகர்ந்து போய்ப் பம்பில் சிக்கிச் சிதைந்தால் தொட்டியே நாறும். நீல டேங் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரும், இந்தத் தொட்டிக்கு ஆகாது. மாண்டரின் மீன் அழகுதான், ஆனால் நுண்ணிய ஓட்டுயிரிகளை நாள்முழுதும் மேய்வது, புதுத் தொட்டியில் பட்டினி கிடந்தே சாகும்.

முடிந்தால் புது மீனைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் நான்கு வாரம் வைத்துக் கவனியுங்கள். வெண்புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் செம்பு மருந்தை அங்கே ஊற்ற முடியாது. தொட்டியில் விடும்போது பையை மூடியபடியே 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, பிறகு தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து உப்பளவு ஒன்றாக வந்ததும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம்.

முதல் மீன் வந்து ஒரு மாதமாவது கழித்துப் பவளம். பெரிதாக வாங்காமல் ஃப்ராக் எனப்படும் சின்னத் துண்டுகள் வாங்குங்கள், அவை வளர்வதைப் பார்ப்பதில்தான் சுகமே. காளான் பவளம், பொத்தான் போன்ற சோவாந்திட், தோல் பவளம் மூன்றும் தப்புகளை மன்னிப்பவை. பச்சை நட்சத்திரப் பவளமும் சுலபம்தான், ஆனால் படர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும், தனியாக ஒரு கல்லில் வையுங்கள்.

சோவாந்திட் பற்றி ஓர் எச்சரிக்கை. இவற்றில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அது ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போடுவதோ கொதிக்க வைப்பதோ கூடவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

7. வாராந்திர வேலை

தினமும்: வெப்பம் பார்ப்பது, சிட்டிகை உணவு, நன்னீர் ஊற்றுவது. கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர். என் வீட்டில் நன்னீர் வாளி நீலம், உப்பு வாளி சிவப்பு. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

வாரம் ஒருமுறை 9 லிட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கு, மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் உப்பும் வெப்பமும் தொட்டியோடு பொருந்தட்டும். காரத்தன்மையைச் சோதித்து 8 முதல் 9 டிகேஹெச்சில் (காரத்தன்மையை அளக்கும் அலகு) வையுங்கள். மென்பவளங்கள் அதை அதிகம் உறிஞ்சுவதில்லை, தண்ணீர் மாற்றுவதே ஈடுகட்டிவிடும். பிஹெச் 7.8 முதல் 8.4-க்குள் இருந்தால் அதைத் துரத்திப் பிடிக்க எதையும் ஊற்றாதீர்கள்.

கடைசியாக ஒரு சின்னச் செலவு: பேட்டரியில் ஓடும் காற்று பம்ப். மின்சாரம் போனால் தண்ணீர் குளிர்வதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பம்பை ஓடவிடுங்கள், உணவு போடாதீர்கள். மின்சாரம் திரும்பியதும் முதலில் ஹீட்டர் முழுதாகத் தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.