ரேக்யவிக், பிளாசா: பேச்சுவார்த்தைச் செய்திகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1986 அக்டோபர் 12. ஐஸ்லாந்தின் தலைநகர் ரேக்யவிக் கடலோரத்தில் உள்ள ஹோஃப்டி என்ற வெள்ளை வீட்டிலிருந்து அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும், அணு ஆயுதக் குறைப்புப் பேச்சை முடித்து, இருட்டிய பிறகு வெளியே வந்தார்கள். இருவர் முகத்திலும் களையில்லை. பேச்சுவார்த்தை தோல்வி என்றுதான் மறுநாள் பேச்சு. ஆனால் அடுத்த ஆண்டு டிசம்பர் 8 அன்று, அதே இருவரும் வாஷிங்டனில் நடுத்தர தூர ஏவுகணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

வாடிய முகத்தையோ கைகுலுக்கும் படத்தையோ பார்த்து முடிவு கட்டுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. ரேக்யவிக்கில் சிக்கல் விழுந்தது முக்கியமாக ஓரிடத்தில். பாய்ந்துவரும் ஏவுகணைகளை விண்வெளியிலிருந்து தடுக்க அமெரிக்கா வகுத்த தற்காப்புத் திட்டத்தின் சோதனைகள் பத்தாண்டுகள் ஆய்வுக்கூடத்தைத் தாண்டக் கூடாது என்றார் கோர்பச்சேவ், ரீகன் மறுத்துவிட்டார். நடுத்தர தூர ஏவுகணைகளை ஐரோப்பாவிலிருந்து அகற்றுவதில் அங்கேயே பெருமளவு இணக்கம் வந்திருந்தது. 1987 பிப்ரவரியில் அதை மட்டும் தனியாகப் பேச மாஸ்கோ இறங்கிவந்ததும் வழி பிறந்தது.

அடுத்தது, எதை எண்ணினார்கள் என்று கேட்காமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வது. அந்த ஒப்பந்தத்தால் 2,692 அணுகுண்டுகள் அழிக்கப்பட்டன என்று சிலர் எழுதுகிறார்கள். அழிந்தவை ஏவுகணைகள்: சோவியத் தரப்பில் 1,846, அமெரிக்கத் தரப்பில் 846. அவற்றின் முனையிலிருந்த அணுப்பொருளை அந்தந்த நாடே கழற்றி வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. கடலிலிருந்தும் விமானத்திலிருந்தும் ஏவுபவை கணக்கிலேயே இல்லை. என்னைக் கேட்டால், அந்த எண்ணைவிடப் பெரிய சாதனை கண்காணிப்புதான். சோவியத் நாட்டின் வோட்கின்ஸ்க் ஏவுகணை ஆலை வாசலில் அமெரிக்கர்களும், யூட்டா மாநிலத்தின் மாக்னா ஆலை வாசலில் சோவியத் ஆட்களும் ஆண்டுக்கணக்கில் தங்கிச் சோதனையிட்டார்கள். பனிப்போர்க் காலத்தில் இது நடந்தது என்பதை இன்று நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது.

நாணயத் தகராறுகளில் தடுக்கி விழுவது இன்னும் எளிது. 1985 செப்டம்பர் 22 அன்று நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் கூடி, டாலரின் மதிப்பை இறக்க முடிவெடுத்தன. அப்போது ஒரு டாலர் சுமார் 240 யென். இரண்டே ஆண்டில் 150-க்கும் கீழே வந்தது. எண் குறைந்ததால் யென் சரிந்தது என்று எழுதினால் அர்த்தமே தலைகீழாகிவிடும். ஒரு டாலர் வாங்க முன்பைவிடக் குறைந்த யென் போதும். ஆகவே யென் ஏறியிருக்கிறது. 24,000 யென் விலையுள்ள பொருள் 240 விகிதத்தில் 100 டாலர். அதுவே 160 விகிதத்தில் 150 டாலர்.

டாலர் விலை ஏறினால் ஜப்பானியப் பொருள் விற்காது, அமெரிக்காவின் வர்த்தகப் பற்றாக்குறை (ஏற்றுமதியைவிட இறக்குமதி மிஞ்சும் தொகை) உடனே குறையும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. வாங்குபவர்கள் பழக்கத்தை மாற்றக் காலம் பிடிக்கும். அதுவரை அதே சரக்குக்குக் கூடுதல் டாலர் போகும். ஜப்பானுடன் அமெரிக்காவின் வர்த்தகப் பற்றாக்குறை 1985-ல் சுமார் 4,600 கோடி டாலர். 1987-ல் சுமார் 5,600 கோடி. அதையே யென்னில் கணக்கிட்டால் ஏறக்குறைய 11 லட்சம் கோடியிலிருந்து 8 லட்சம் கோடியாக இறங்கியிருக்கிறது! எந்த நாணயத்தில் எண்ணினார்கள் என்று பார்க்காமல் வாதாடக் கூடாது.

ஜப்பானில் நிலவிலை அளவுமீறி ஊதிப் பெருத்த குமிழிக்குப் பிளாசா முடிவே காரணம் என்றும் அடிக்கடி படிக்கிறோம். ஜெர்மன் மார்க்கும் அதே காலத்தில் வேகமாக ஏறியது. அங்கே அப்படியொரு குமிழி உருவாகவில்லை. ஜப்பானின் மத்திய வங்கி 1987 பிப்ரவரியில் வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்து, கடன் மலிவாகக் கிடைக்கும்படி 1989 மே வரை உயர்த்தாமல் வைத்திருந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.