செயலி எழுதத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதியவர்கள் எழுதும் நிரல்களைப் பார்வையிடுவது என் வேலையில் ஒரு பகுதி. எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். கற்றுக்கொண்ட நாளில் பார்த்த இயங்குதளம் அப்படியே நீடிக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். 2008இல் ஆப் ஸ்டோர் திறந்தபோது, பிறர் எழுதிய செயலிகளைப் பின்னணியில் இயங்க ஐபோன் விடவில்லை; ஆண்ட்ராய்டோ ஏறக்குறைய எதையும் விட்டது. பிறகு ஐஓஎஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது, ஆண்ட்ராய்டு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. பொத்தானின் நிறம், எழுத்தின் அளவு போன்ற பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே கண்ணில் படும்.

எல்லா அனுமதிகளையும் முதல் திரையிலேயே கேட்பது

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0க்கு முன், நிறுவும்போதே அனுமதிகள் மொத்தமாகக் கிடைத்தன. இன்று அப்படியில்லை, ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு அனுப்பக்கூட அனுமதி வேண்டும். படம் எடுக்கும் பொத்தானைத் தொடும்போது கேமராவைக் கேளுங்கள். பயனர் இரண்டு முறை மறுத்துவிட்டால், ஆண்ட்ராய்டு 11 முதல் அந்தக் கேள்வி மறுபடி திரையில் தோன்றாது.

செயலி உயிரோடு இருக்கும் என்று நம்புவது

இதைக் கண்டால் இன்றும் கோபம் வருகிறது. தவறு நம்முடையது, உழைப்பை இழப்பவர் பயனர்.

அண்மையில் ஓர் இளம் நிரலாளரின் படிவச் செயலி என்னிடம் வந்தது. பயனர் நீண்ட படிவத்தை நிரப்பி, கடைசியில் படம் எடுக்கக் கேமராவைத் திறக்கிறார். திரும்பி வந்தால் படிவம் காலி. புகார்கள் வந்துகொண்டே இருந்தன. "என் போனில் இப்படி வரவில்லை" என்று ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவர் போனில் நினைவகம் தாராளம். பயனர்களின் போன்கள் அப்படியல்ல.

கேமரா நிறைய நினைவகத்தைக் கேட்கும். போதாதபோது, பின்னணிக்குப் போன செயலியின் புராசஸை, அதாவது நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அதன் இயக்கத்தை, ஆண்ட்ராய்டு கொன்றுவிடும். எந்தத் திரையில் இருந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளும். பயனர் திரும்பும்போது, புதிய புராசஸில் நேராக அதே திரை திறக்கும். முதல் திரை ஓடாது. அங்கே ஏற்றி ஸ்டேட்டிக் மாறியில் (புராசஸ் இருக்கும்வரை மட்டும் மதிப்பைத் தாங்குவது) வைத்த விவரம் எதுவும் இருக்காது. அதனால் படிவம் காலியாகலாம், செயலியே நின்றுபோகலாம்.

"வியூமாடலில்தான் வைத்திருக்கிறேனே" என்பார்கள். திரைக்கு வேண்டிய தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கூறு அது. போனைக் குறுக்காகத் திருப்பினால் வியூமாடல் தாங்கும். புராசஸ் போனால் அதுவும் போய்விடும். திருப்பிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அண்மைச் செயலிகளின் பட்டியலிலிருந்து தள்ளி மூடிச் சோதிப்பதும் பயன்படாது: பயனரே மூடியதாகக் கொண்டு, செயலி முதல் திரையிலிருந்து தொடங்கும்.

இப்படிச் சோதியுங்கள். படிவத்தைப் பாதி நிரப்பி, ஹோம் பொத்தானை அழுத்துங்கள். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி (adb) கருவி வழியாக, செயலியின் பேக்கேஜ் பெயருடன் (அதன் தனி அடையாளப் பெயர்), புராசஸைக் கொல்லும் 'ஏஎம் கில்' (am kill) கட்டளையைக் கொடுங்கள். பிறகு அண்மைப் பட்டியலிலிருந்து திறங்கள். எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும். சிறு தகவல்களைச் சேவ்டு ஸ்டேட்டில் வையுங்கள்; புராசஸ் போனாலும் திரையின் நிலையை ஆண்ட்ராய்டு காத்துத் திருப்பித் தரும் இடம் அது. அதில் படங்களையும் நீண்ட பட்டியல்களையும் திணித்தால் செயலி அங்கேயே முறியும். அவை கோப்புக்கோ தரவுத்தளத்துக்கோ போகட்டும். பயனர் தட்டச்சு செய்யச் செய்ய வரைவைச் சேமியுங்கள், 'சேமி' பொத்தானுக்காகக் காத்திருக்காதீர்கள். ஐஓஎஸிலும் இதே நிலைதான்: இடைநிறுத்தப்பட்ட செயலி முன்னறிவிப்பின்றி நீக்கப்படும்.

பின்னணி வேலையைத் தானே ஓட்டுவது

ஆண்ட்ராய்டு 6.0இல் டோஸ் வந்தது; சும்மா கிடக்கும் போனில் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும் மின்சேமிப்பு முறை அது. 2017இல் 8.0 பின்னணிச் சேவைகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. 12 அதை மேலும் இறுக்கியது. ஒவ்வொரு முறையும் குறுக்கு வழி தேடுபவர்கள் அடுத்த பதிப்பில் மறுபடி முதலிலிருந்து எழுதுகிறார்கள். தள்ளிப்போடக்கூடிய வேலையை, தகுந்த நேரம் பார்த்து ஓட்டும் ஆண்ட்ராய்டு நூலகமான ஒர்க்மேனேஜரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

பொதுச் சேமிப்பகத்தில் நினைத்த இடத்தில் எழுதுவது

ஆண்ட்ராய்டு 11 அந்தக் கதவை மூடிவிட்டது.

எமுலேட்டரோடு (கணினியில் ஓடும் போலி போன்) சோதனையை நிறுத்திக்கொள்வது

நினைவகம் குறைந்த பழைய போன் ஒன்று எப்போதும் மேசையில் இருக்கட்டும்.

கையொப்பச் சாவியை நிரலோடு சேர்த்து நிரல் களஞ்சியத்தில் ஏற்றுவது

செயலி உங்களுடையதுதான் என்று உறுதிசெய்யும் சாவி அது. வேண்டவே வேண்டாம். தனியே, இரண்டு இடங்களில் வையுங்கள்.