மார்ச் மாத பிராக்கெட் பூலை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்த தமிழர்களில் பலருக்குக் கல்லூரிக் கூடைப்பந்து அலுவலகத்தின் வழியாகத்தான் அறிமுகமாகிறது. மார்ச் மாத நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை, சக ஊழியர் ஒருவர் 64 அணிகளின் பெயர்கள் இரு ஓரங்களிலும் அச்சிடப்பட்ட ஒரு தாளை நீட்டி, யார் யாரை வெல்வார்கள் என்று இறுதியாட்டம் வரை நிரப்பித் தரச் சொல்கிறார். அந்தத் தாள்தான் பிராக்கெட். அதை நிரப்பித் தரும் இருபது முப்பது பேரின் கணிப்புப் போட்டிதான் பூல். பல ஆண்டுகளாக ஆட்டம் பார்ப்பவரும், அணிகளின் பெயர்களை அன்றுதான் முதன்முறையாகப் படிப்பவரும் ஏறக்குறைய சமமான வாய்ப்புடன் இதில் கலந்துகொள்ள முடிகிறது என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்தமானது. சில ஆண்டுகளாக இப்படியொரு பூலை நடத்திவருபவன் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: இதில் எழும் மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை, முதல் ஆட்டம் தொடங்குமுன் எழுதிவைத்திருக்க வேண்டிய ஏதோ ஒரு விதியை நடத்துபவர் எழுதாமல் விட்டதால் வருபவை. ஆட்டங்கள் தொடங்கிய பிறகு எழுதப்படும் விதி, எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டாலும், பட்டியலில் உள்ள யாரோ ஒருவருக்குச் சாதகமாகவும் இன்னொருவருக்குப் பாதகமாகவும்தான் அமையும்.

கெடுவும் முதல் நான்கு ஆட்டங்களும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவு ஆடவர் போட்டியில் 1985இல் 64 அணிகள் இடம்பெற்றன. 2011இல் அந்த எண்ணிக்கை 68 ஆக உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை அணிகளின் பட்டியல் அறிவிக்கப்படுகிறது. செவ்வாய், புதன் இரவுகளில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ‘ஃபர்ஸ்ட் ஃபோர்’ எனப்படும் நான்கு தகுதி ஆட்டங்கள் நடக்கின்றன. வியாழன் நண்பகலையொட்டி 64 அணிகளின் முதல் சுற்று தொடங்குகிறது. புதிதாக நடத்துபவர்கள் செய்யும் முதல் தவறு, “வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள்” என்று மட்டும் எழுதுவது. வியாழக்கிழமை என்பது அன்று காலையா, நண்பகலா, நள்ளிரவா என்பதும், நண்பகல் என்றால் எந்த ஊரின் நண்பகல் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நியூயார்க்கில் 12:15 மணி ஆகும்போது சான் ஃபிரான்சிஸ்கோவில் காலை 9:15 தான் ஆகியிருக்கும். சென்னையில் அப்போது இரவு 9:45. ‘கிழக்கு நேரப்படி வியாழன் காலை 11:30’ என்று குறிப்பிட்டுவிட்டால், இறுதி நிமிடத்தில் இணையம் நின்றுபோனவருக்குக்கூடச் சிறிது அவகாசம் இருக்கும்.

டேட்டன் ஆட்டங்களைப் பெரும்பாலான பூல்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. கணிக்க வேண்டியவை மீதமுள்ள 63 ஆட்டங்கள்தான். ஆனால் திங்கட்கிழமை தரப்படும் தாளில் நான்கு இடங்களில் இரண்டு அணிகளின் பெயர்கள் சாய்கோடிட்டு நிற்கும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு, டேட்டனில் எந்த அணி வென்றாலும் அந்த அணியே கணக்காகும் என்று ஒரு வரி எழுத வேண்டும். இது யாரும் தேர்ந்தெடுக்காத மூலை என்று எண்ணிவிடக் கூடாது. 2011இல் வர்ஜீனியா காமன்வெல்த், 2021இல் யு.சி.எல்.ஏ. ஆகிய இரண்டும் இந்தத் தகுதி ஆட்டங்களில் தொடங்கி, கடைசி நான்கு அணிகளுக்குள் வந்துசேர்ந்தன.

கெடு முடியும்வரை ஒருவருடைய கணிப்பு மற்றவருக்குத் தெரியக் கூடாது. முடிந்த மறுநிமிடம் எல்லோருடைய கணிப்பும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். நடத்துபவருக்கு மட்டும் எல்லாத் தாள்களும் முன்கூட்டியே கண்ணில் படுமென்றால், அவர் தம்முடைய தாளை முதல் ஆளாக, மற்றவர்களுக்கு அனுப்பப்பட்ட நேரம் தெரியும்படி, ஒப்படைத்துவிடுவதே முறை. இதை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டாலும் செய்ய வேண்டும்.

தாமதமாக வருபவருக்காகக் கெடுவைத் தளர்த்துவதும் தவறுதான். “நான்கு ஆட்டங்கள்தானே முடிந்திருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு மற்றதை நிரப்புகிறேன்” என்று ஒருவர் கேட்கும்போது மறுப்பது கடினம். ஆனால் அந்த நான்கு ஆட்டங்களில் வீழ்ந்த ஒரு பெரிய அணியை இறுதிவரை கொண்டுபோயிருக்கும் மற்றவர்களைவிட அவர் மிகவும் நல்ல நிலையில் தொடங்குகிறார். அவருக்கான இடம் அடுத்த வாரம் இருக்கிறது: 16 அணிகள் எஞ்சும்போது மீதமிருக்கும் 15 ஆட்டங்களுக்கு மட்டும் புதிதாக ஒரு சிறிய பூல் தொடங்கலாம். முதல் வாரத்திலேயே தோற்றுப்போனவர்களும் அதில் மகிழ்ச்சியுடன் சேருவார்கள்.

பெண்கள் போட்டிக்கும் இப்போது 68 அணிகள் உண்டு. அதன் இறுதியாட்டம் ஞாயிறன்று, ஆடவர் இறுதியாட்டம் அதற்கு மறுநாள். கனெக்டிகட், டியூக் போன்ற பெயர்கள் இரண்டு தாள்களிலும் வரக்கூடும் என்பதால், எந்தப் போட்டிக்கான பூல் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். இரண்டையும் நடத்த முடிந்தால் இன்னும் நல்லது.

புள்ளி முறையே உயிர்

மிகுதியான பூல்கள் கெட்டுப்போவது இங்கேதான். இணையத்தில் பூல் நடத்தித்தரும் இ.எஸ்.பி.என். போன்ற தளங்களில் வழக்கமாக இருப்பது, ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளியை இரட்டிப்பாக்கும் முறை: முதல் சுற்றில் ஒரு சரியான கணிப்புக்கு 1, பிறகு 2, 4, 8, 16, இறுதியாட்டத்துக்கு 32. (அந்தத் தளத்தில் இவையே பத்து மடங்காக, 10 முதல் 320 வரை இருக்கும்.) ஒவ்வொரு சுற்றுக்கும் மொத்தம் 32 புள்ளிகள், ஆறு சுற்றுகளுக்கு 192 என்று பார்வைக்கு மிகவும் சமமாகத் தோன்றும் முறை இது. ஆனால் கோப்பை வெல்லும் அணி ஒன்றைச் சரியாகச் சொன்னவருக்கு, அந்த ஒரே அணியின் ஆறு வெற்றிகளால் மட்டும் 1, 2, 4, 8, 16, 32 என்று 63 புள்ளிகள் வந்துசேர்கின்றன. மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே ஒரு முடிவில் தங்கியிருக்கிறது.

இதன் விளைவை 2018இல் பலரும் கண்டார்கள். (64 அணிகளும் 16 அணிகள் கொண்ட நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் 1 முதல் 16 வரை தரவரிசை தரப்படுகிறது.) அந்த ஆண்டு ஒட்டுமொத்த முதல் நிலையில் இருந்த வர்ஜீனியா, முதல் சுற்றிலேயே, வெள்ளிக்கிழமை இரவு, 16ஆம் தரவரிசையில் இருந்த மேரிலாண்ட் பால்டிமோர் கவுண்டி அணியிடம் 54-74 என்று தோற்றது. ஆடவர் போட்டியில் முதல் தரவரிசை அணி 16ஆம் தரவரிசை அணியிடம் வீழ்ந்தது அதுவே முதல் முறை. வர்ஜீனியாவைக் கோப்பைக்கு எழுதியிருந்தவர்களுக்கு, இரட்டிப்பு முறையில், போட்டியின் இரண்டாம் நாளிலேயே மூன்று வாரப் போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது. தவறாகக் கணித்தவர் தோற்பது நியாயம்தான். ஆனால் இரண்டாம் நாளில் ஆர்வமிழந்தவர் மூன்றாம் வாரம் பேச்சில் கலந்துகொள்வதில்லை. நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு விளையாட்டில் அது பெரிய இழப்பு.

இதற்கு நேர்மாறாக, 1, 2, 3, 4, 5, 6 என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் முறையில் மொத்தம் 120 புள்ளிகள். கோப்பை வெல்லும் அணியால் கிடைப்பது 21, அதாவது ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதில் முதல் இரு சுற்றுகளே பாதிக்கு மேற்பட்ட புள்ளிகளை எடுத்துக்கொள்வதால், இறுதி வாரம் சப்பென்று போய்விடும் அபாயம் உண்டு. எனக்கு இவற்றுக்கு நடுவில் பொருத்தமாகத் தோன்றுவது 2, 3, 5, 8, 13, 21 என்ற ஏறுவரிசை. முந்தைய இரண்டு எண்களின் கூட்டலாக அடுத்த எண் அமையும் இந்த வரிசையில் மொத்தம் 231 புள்ளிகள். கோப்பை அணியின் பங்கு 52, கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. முதல் வாரத்தில் கவனமாகக் கணித்தவருக்கு மதிப்பு இருக்கும். இறுதியாட்டமும் வரிசையைப் புரட்டக்கூடியதாக இருக்கும்.

அடுத்து, சிறிய அணிகளின் வெற்றியைக் கணித்தவருக்குக் கூடுதல் புள்ளி தரும் ஆசை. ஆசை நல்லது, கணக்குப் பார்க்காமல் செய்வதுதான் தவறு. இரண்டு அணிகளின் தரவரிசை எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டையே கூடுதல் புள்ளியாகத் தருவது பரவலான பழக்கம். 12ஆம் தரவரிசை அணி 5ஆம் தரவரிசை அணியை வெல்வது, நீண்ட காலக் கணக்கில், ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை நடக்கிறது. முதல் சுற்றுக்கு 1 புள்ளியும் வேறுபாட்டுக்கு 7 புள்ளியும் என்றால், 12ஐ எழுதுபவரின் சராசரி எதிர்பார்ப்பு 8இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2.67, 5ஐ எழுதுபவருக்கோ 1இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 0.67 மட்டுமே. இதைப் புரிந்துகொண்ட ஒருவர் எல்லா இடங்களிலும் கண்ணை மூடிக்கொண்டு சிறிய அணியை எழுதிவிட்டுப் போகலாம். ஆட்டத்தைப் பற்றிய அறிவுக்கு அங்கே வேலை இல்லை. வழக்கமான புள்ளியை இரட்டிப்பாக்குவதோடு நிறுத்திக்கொண்டால், இரு தேர்வுகளும் சராசரியில் சமமாகின்றன. அப்போதுதான் கணிப்பவர் உண்மையிலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது. 8ஆம் தரவரிசை அணியும் 9ஆம் தரவரிசை அணியும் மோதும் ஆட்டம் ஏறக்குறைய சரிபாதி வாய்ப்புடையது என்பதால், அங்கே கூடுதல் புள்ளி தரக் கூடாது. தரவரிசையில் ஐந்து இடங்களாவது வேறுபாடு இருக்கும் ஆட்டங்களுக்கு மட்டும் அதை ஒதுக்கலாம்.

கூடுதல் புள்ளியை இரண்டாம் சுற்றுக்கும் நீட்டிப்பவர்கள் ஒரு சிக்கலை எதிர்பார்ப்பதில்லை. ஒருவர் 12ஆம் தரவரிசை அணி 4ஆம் தரவரிசை அணியை வெல்லும் என்று எழுதியிருக்கிறார். உண்மையில் அந்த 4ஆம் அணி முதல் சுற்றிலேயே 13ஆம் அணியிடம் தோற்றுப்போக, 12ஆம் அணி வென்றது 13ஆம் அணியை. இப்போது அவருக்குக் கூடுதல் புள்ளி உண்டா? உண்மையில் நடந்த ஆட்டத்தைக் கொண்டே கணக்கிடப்படும் என்று நான் எழுதிவைக்கிறேன். வேறு முடிவும் எடுக்கலாம். எடுத்த முடிவு புதன்கிழமைக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும்.

ஆட்டமே நடக்காமல் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரி தேவை. 2021இல் கொரோனா தொற்று காரணமாக வர்ஜீனியா காமன்வெல்த் அணி களமிறங்க முடியாமல், ஓரிகன் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குச் சென்றது. அதற்கு முந்தைய ஆண்டு போட்டியே ரத்தானது. அடுத்த சுற்றுக்குச் செல்லும் அணியே வென்ற அணியாகக் கொள்ளப்படும், போட்டி முழுதும் ரத்தானால் பணம் திருப்பித் தரப்படும் என்ற இரண்டு வாக்கியங்கள் இதற்குப் போதும்.

63 ஆட்டங்களையும் சரியாகக் கணிப்பவருக்குத் தனிப் பரிசு என்று அறிவிக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். நிரப்பக்கூடிய வழிகள் மட்டும் 92,000 கோடி கோடிக்கு மேல்.

பணம்

பணமே இல்லாமல் நடத்துவதுதான் எளிது. பணம் இருந்தால், கெடுவுக்கு முன் கொடுக்காதவரின் தாள் சேர்க்கப்படாது என்பதில் உறுதியாக இருக்க வேண்டும். வென்றால் கழித்துக்கொள்ளலாம், தோற்றால் பிறகு கொடுக்கலாம் என்று விட்டுவைத்த பத்து டாலர், ஏப்ரலில் வசூலிக்கச் செல்லும்போது நட்பைச் சங்கடப்படுத்துகிறது. சேர்ந்த தொகை முழுவதும் பரிசாகவே போக வேண்டும். நடத்துபவர் தமது உழைப்புக்கென்று ஒரு டாலரும் எடுக்கக் கூடாது. இது நாகரிகம் மட்டுமல்ல. மாநிலத்துக்கு மாநிலம் சூதாட்டச் சட்டம் வேறுபடுகிறது. நண்பர்களுக்குள் நடக்கும் சிறிய பூல்களைப் பொறுத்துக்கொள்ளும் பல மாநிலங்களும், நடத்துபவர் பங்கு எடுப்பதைப் பொறுத்துக்கொள்வதில்லை. உங்கள் மாநிலத்தின் விதியை முன்பே பார்த்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து சேரும் சக ஊழியர்களைப் பணமின்றிச் சேர்த்துக்கொள்வதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

யாரை அழைக்கக் கூடாது என்பதும் இங்கேயே வரும். அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் பணி நேரத்திலோ அரசு வளாகத்திலோ பணம் வைத்து ஆடுவதற்குத் தடை உள்ளது. கல்லூரி வீரர்களும் விளையாட்டுத் துறை ஊழியர்களும் பணம் கட்டும் பூலில் சேருவதை என்.சி.ஏ.ஏ. அனுமதிப்பதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த ரிக் நியூஹைசல், அலுவலகத்துக்கு வெளியே நண்பர்களுடன் இத்தகைய பூலில் பங்கேற்றதை ஒட்டி 2003இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். வெளியாட்களுடன் சேரலாம் என்று பல்கலைக்கழகத்தின் சொந்த அலுவலரே முன்பு எழுத்தில் சொல்லியிருந்தது பின்னர் தெரியவந்தது. அவர் தொடுத்த வழக்கு 2005இல் சமரசத்தில் முடிந்தது. உங்கள் நண்பர் வட்டத்தில் கல்லூரி விளையாட்டுத் துறையில் வேலை செய்பவர் இருந்தால், அவரைப் பணம் கட்டச் சொல்லாதீர்கள்.

மொத்தத்தையும் ஒருவருக்கே கொடுத்துவிடுவதைவிடப் பிரித்துக் கொடுப்பது எல்லோரையும் கடைசிவரை இருக்கவைக்கிறது. இருபது பேர், ஆளுக்குப் பத்து டாலர் என்றால், முதலிடத்துக்கு 100, இரண்டாமிடத்துக்கு 50, மூன்றாமிடத்துக்கு 30, முதல் வார முடிவில் முன்னிலையில் இருப்பவருக்கு 20 என்பது எங்கள் வழக்கம்.

சமநிலை வந்தால்

2025இல் நான்கு முதல் தரவரிசை அணிகளும் கடைசி நான்குக்குள் வந்தன, 2008இலும் அப்படியே. இத்தகைய ஆண்டுகளில் பலருடைய தாள்கள் ஒன்றுபோல் இருக்கும் என்பதால், இருவர் ஒரே புள்ளியில் முடிப்பது எளிதாக நிகழும். இறுதியாட்டத்தில் இரு அணிகளும் சேர்த்து எடுக்கும் மொத்தப் புள்ளிகளை ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதுவது பொதுவான தீர்வு. அதில் எழுதாமல் விடப்படுவது கூடுதல் நேரம். 2008 இறுதியாட்டத்தில் வழக்கமான நேரம் முடியும்போது கேன்ஸஸ் 63, மெம்ஃபிஸ் 63. கூடுதல் நேரத்துக்குப் பிறகு 75-68. ஒரு கணக்கில் மொத்தம் 126, இன்னொரு கணக்கில் 143. 130 என்று எழுதியவரும் 140 என்று எழுதியவரும் சம புள்ளியில் இருந்தால், பரிசு யாருக்கு என்பதை அந்த ஒரு சொல்லே தீர்மானித்துவிடும். 2019இலும் வர்ஜீனியா, டெக்சாஸ் டெக் அணிகள் 68-68 என்று நின்று, பிறகு 85-77 என்று முடித்தன. எனவே இது என்றோ ஒருநாள் வரும் சிக்கல் என்று தள்ளிவைக்க முடியாது. ‘கூடுதல் நேரம் உட்பட, மேலோ கீழோ மிக அருகில் இருப்பவர், அதிலும் சமமானால் பரிசு பாதிப் பாதி’ என்று எழுதிவிடுங்கள். கெடு முடிந்ததும் எல்லாத் தாள்களையும் தரவிறக்கி ஒரு பிரதியை அனைவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால், திங்கட்கிழமை இரவு இறுதியாட்டம் முடிந்த பத்து நிமிடத்தில், யார் வென்றார் என்பதை இருபது பேரும் அவரவர் வீட்டிலிருந்தே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.