விதையிலிருந்து நெப்பந்தஸ்: குடுவைச் செடியை வீட்டில் முளைக்க வைக்கும் முறை

குடுவை வடிவ இலைநுனியில் பூச்சிகளைப் பிடித்து உண்ணும் நெப்பந்தஸ் செடியின் விதையை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் உறையைத் தட்டிவிட்டு "விதை எங்கே?" என்று தேடுவார்கள். பழுப்பு நிறத்தில், மயிரிழை போல, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும் அந்தத் தூசுதான் விதை. நடுவில் ஒரு சிறு புடைப்பு தெரியும். கரு அதற்குள் இருக்கிறது. இருபுறமும் நீளும் வால்கள் காற்றில் பறப்பதற்கானவை. சீஷெல்ஸ் தீவுகளில் வளரும் பெர்வில்லி போன்ற ஓரிரு இனங்களில்தான் வால் இல்லாத குட்டை விதை உண்டு. ஆகவே உருண்டையாகவோ, வண்ண வண்ணமாகவோ இருக்கும் எதையாவது குடுவைச் செடி விதை என்று விற்றால் வாங்க வேண்டாம்.

உண்மையான விதையாகவே இருந்தாலும் அதன் வயதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. முளைக்காத தொட்டிகளுக்கு மண்ணையும் தண்ணீரையும் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் விதை வந்து சேரும்போதே செத்திருக்கும். காய் வெடித்த சில வாரங்களுக்குள் விதைத்தால் நன்றாக முளைக்கும். சாதாரண அறை வெப்பத்தில் சில மாதங்கள் கிடந்தாலே முளைப்புத்திறன் வெகுவாகச் சரிந்துவிடும். அதனால் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, காய் பறித்த தேதி. உடனே விதைக்க முடியாவிட்டால் காகித உறையில் போட்டு, அதை ஜிப் பையில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் 4 முதல் 5 டிகிரி செல்சியஸில் வையுங்கள். உறைநிலைப் பெட்டியில் வைக்கக் கூடாது.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தரம் ஓரளவு தெரியும். நடுப்புடைப்பு கருத்து, நிரம்பி இருந்தால் நல்லது. முழுவதும் சப்பையாக, ஒளி ஊடுருவினால் உள்ளே கரு இல்லை.

சொந்தச் செடியிலிருந்தே விதை எடுக்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒற்றைச் செடி எத்தனை பூத்தாலும் முளைக்கும் விதை தராது. ஆண் பூவின் மஞ்சள் மகரந்தத்தை, பெண் பூவின் சூலகமுடி ஈரமாகப் பளபளக்கும் நாட்களில் மென்மையான தூரிகையால் தடவ வேண்டும். இரண்டு மூன்று மாதங்களில் காய் பழுப்பாகி நுனியில் வெடிக்கத் தொடங்கும். அதற்குச் சற்று முன்பே மெல்லிய துணிப்பையைக் காய்க்கொத்தின் மேல் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே காற்றில் எல்லாம் பறந்துவிடும்.

எந்த இனத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்கள் வீட்டின் வெப்பமே சொல்லும். ராஃப்லேசியானா, ஆம்புலேரியா, கிராசிலிஸ், மிராபிலிஸ் ஆகியவை தாழ்நில இனங்கள். பகலில் 26 முதல் 32 டிகிரியும் இரவில் 20 டிகிரிக்குக் குறையாத வெப்பமும் அவற்றுக்குப் போதும். மலை இனங்களுக்குப் பகலில் 20 முதல் 25 டிகிரி, இரவில் 10 முதல் 15 டிகிரி என்ற குளிர் வேண்டும். வெந்து கிடக்கும் அறையில் அவை முளைத்தாலும் வளராமல் தேங்கிவிடும். வென்ட்ரிகோசா, காசியானா போன்றவை இரண்டுக்கும் நடுவே அனுசரித்துப் போகும். காசியானா, ராஜா ஆகிய இரண்டும் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. உரிய ஆவணம் இல்லாமல் அவற்றின் விதையைக்கூட நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது.

ஊடகமும் தண்ணீரும்

தோட்ட மண், மண்புழு உரம், தொழு உரம் மூன்றும் இந்தச் செடிக்கு எமன். சத்தே இல்லாத, புளிப்புத் தன்மையுள்ள, காற்றோட்டமான ஊடகம், அதாவது செடி வேரூன்றும் கலவை வேண்டும். உலர்ந்த ஸ்பாக்னம் பாசி இரண்டு பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறைத் துகள்) ஒரு பங்கு என்ற கலவை எளிதானது. பாசியைக் கத்தரிக்கோலால் அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, கொதிநீர் ஊற்றி மூடி, ஆறியதும் பிழிந்துகொள்ளுங்கள். பூஞ்சை வித்துகளும் பூச்சி முட்டைகளும் இதில் பெருமளவு ஒழியும். உயிருள்ள ஸ்பாக்னம் பாசி வளர்ந்த செடிக்கு அருமையான படுக்கை. நாற்றுக்கோ அது எதிரி, ஏனென்றால் நாற்றைவிட வேகமாக வளர்ந்து அதை மூழ்கடித்துவிடும்.

ஸ்பாக்னம் கிடைக்காதவர்கள் தேங்காய் நார்த்தூளான கோகோபீட் பயன்படுத்தலாம், ஆனால் அதில் உப்பு இருக்கும். ஊற வைத்துப் பிழிவதைக் குறைந்தது மூன்று முறை செய்து, வடியும் தண்ணீரை, கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் அளந்து, ஊற்றிய தண்ணீரின் அளவுக்கு அருகில் இறங்கிய பிறகே பயன்படுத்துங்கள்.

தண்ணீரில் கரைந்த உப்பு 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இருக்க வேண்டும். மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்.ஓ. நீர் மூன்றும் சரி. சில ஆர்.ஓ. கருவிகள் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கின்றன, அதனால் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள். குழாய்நீரைக் கொதிக்க வைத்தால் உப்பு போய்விடும் என்பது தவறான எண்ணம்.

விதைப்பு

அடியில் துளையுள்ள 8 சென்டிமீட்டர் தொட்டியில் கலவையை லேசாக அழுத்தி நிரப்பி, மேலே ஒரு சென்டிமீட்டருக்கு மிக நுணுக்கமாக நறுக்கிய ஸ்பாக்னத்தைப் பரப்புங்கள். முழுவதும் ஈரமாக்கி, மிச்சம் வடிய விடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடித்த வெள்ளைத் தாளில் விதையைக் கொட்டி, தாளை மெல்லத் தட்டித் தட்டித் தூவுங்கள். விதைகளுக்கு இடையே அரை சென்டிமீட்டராவது இடைவெளி இருந்தால் பின்னால் பிரித்து நடுவது எளிது.

விதையின் மேல் கலவை போட்டு மூடக் கூடாது. முளைக்க ஒளி வேண்டும், அதனால் விதை மேற்பரப்பிலேயே கிடக்கட்டும். நுண்தெளிப்பானால் இரண்டு முறை பனி போலத் தெளித்தால் வால்கள் ஈரமாகி ஊடகத்தில் ஒட்டிக்கொள்ளும். இனத்தின் பெயர், விதைத்த தேதி இரண்டையும் எழுதிச் செருகிவிட்டு, தொட்டியை மூடியுள்ள ஒளிபுகும் பெட்டியிலோ ஜிப் பையிலோ வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும்.

முளைக்க வைப்பதற்காக ஈர விதையைக் குளிரில் வைக்கும் குளிர்ப்பதனம் தேவையில்லை. வட அமெரிக்கக் குடுவைச் செடியான சராசினியாவுக்குச் சொல்லப்படும் முறையை இதற்கும் செய்து, ஈர விதையை வாரக்கணக்கில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கெடுப்பவர்கள் உண்டு. முளைப்பைத் தூண்டும் வளர்ச்சி ஊக்கியான ஜிப்ரெல்லிக் அமிலமும் வேண்டியதில்லை. அதனால் நாற்று மெலிந்து நீண்டு ஒடிந்து விழலாம்.

வெயில் நேராக விழும் சன்னலில் மூடிய பெட்டியை வைத்தால் அது சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும். வெள்ளை எல்இடி விளக்கை 20 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரிய விடுவதே பாதுகாப்பு. நேரக்கருவி பொருத்திவிட்டால் மறதிக்கும் இடமில்லை.

காத்திருக்கும் காலம்

புது விதை மூன்று முதல் எட்டு வாரங்களில் முளைக்கத் தொடங்கும். எல்லாம் ஒரே நேரத்தில் வராது, பிந்தியவை நான்காவது மாதத்திலும் தலைகாட்டலாம். ஆறு மாதத்துக்கு முன் தொட்டியைத் தூக்கி எறியாதீர்கள். முதலில் இரண்டு பச்சை வித்திலைகள் வரும், சிலவற்றின் நுனியில் விதையுறை தொப்பி போல ஒட்டியிருக்கும். அதைப் பிடுங்கினால் முளையும் சேர்ந்து வந்துவிடும், தானாக விழட்டும். அடுத்து வரும் முதல் உண்மை இலைகளிலேயே ஊசிமுனை அளவுக்குக் குடுவை இருக்கும்.

இந்தக் கட்டத்தில் நாற்றுகளைக் கொல்வது பெரும்பாலும் வறட்சி. வேர் சில மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும், மேற்பரப்பு ஒரு பிற்பகல் காய்ந்தாலே போதும், முடிந்தது கதை. அதற்காகத் தொட்டியை நிரந்தரமாகத் தண்ணீரில் நிறுத்தினால் நீலப்பச்சைப் பாசி வழவழப்பாகப் படர்ந்து நாற்றை மூடும். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், அழுத்தினால் நீர் ஊறி நிற்கக் கூடாது.

வெள்ளைப் பூஞ்சையைக் கண்டதும் பதற வேண்டாம். அது பெரும்பாலும் செத்த விதையின் மேல்தான் முதலில் வளர்கிறது. பாதித்த விதையை இடுக்கியால் எடுத்துவிட்டு, பெட்டியை நாளுக்குப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். உயிருள்ள நாற்றின் தண்டு அடியில் கறுத்து மடிந்தால் அது நாற்றழுகல், காற்றோட்டமின்மையும் மிகை ஈரமும் சேர்ந்து தருவது. அந்த இடத்தை ஊடகத்தோடு ஸ்பூனால் அள்ளி அகற்றுங்கள். சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் அவற்றின் புழுக்கள் இளவேரைத் தின்றுகொண்டிருக்கலாம், மஞ்சள் ஒட்டும் அட்டையைப் பெட்டிக்குள் வையுங்கள்.

இலை நிறத்தையும் கவனியுங்கள். கரும்பச்சையாக நீண்டு படுத்தால் ஒளி போதவில்லை. இலை முழுவதும் செம்பழுப்பாகிக் குறுகினால் ஒளி அதிகம், விளக்கை 10 சென்டிமீட்டர் உயர்த்துங்கள்.

உணவு, மாற்றி நடுதல்

ஊடகத்தில் உரம் போடவே கூடாது. நீலப்பச்சைப் பாசிதான் முதலில் கொழுக்கும். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு, ஆர்க்கிட் உரத்தை உறையில் சொன்ன அளவில் எட்டில் ஒரு பங்காகக் கரைத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இலைமேல் தெளிக்கலாம். மறுநாள் வெறும் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள். குடுவை ஒரு சென்டிமீட்டர் ஆனதும் வளர்ப்பு மீன்களுக்குப் போடும் உணவைத் தூளாக்கி, பல்குச்சி நுனியில் ஒட்டும் அளவு மட்டும் உள்ளே போடுங்கள். ஆசைப்பட்டு நிரப்பினால் குடுவை அழுகும்.

நாற்று குறுக்களவில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆகும் வரை இடம் மாற்றாதீர்கள். மாற்றும்போது வேர் கறுப்பாக, நூல் போல இருப்பதைப் பார்த்து அழுகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆரோக்கியமான நெப்பந்தஸ் வேரின் நிறமே அதுதான். வேரை அலசாமல், சுற்றியுள்ள பாசியோடு சிறு கரண்டியால் தோண்டி, 5 சென்டிமீட்டர் தொட்டியில் அதே ஆழத்தில் வையுங்கள்.

பெட்டியிலிருந்து வெளியே பழக்குவது நான்கு வார வேலை. முதல் வாரம் மூடியை விரலளவு நகர்த்தி வையுங்கள், இரண்டாம் வாரம் பாதி திறந்து, மூன்றாம் வாரம் பகலில் முழுவதும் திறந்து, நான்காம் வாரம் மூடியை எடுத்துவிடுங்கள். இடையில் இலை துவண்டால் முந்தைய வாரத்துக்குத் திரும்புங்கள். வெளியே வந்ததும் பழைய குடுவைகள் காய்வதும், புதிய இலைகளின் நுனி மொட்டு குடுவையாகாமலே கருகுவதும் ஈரப்பதம் குறைந்ததன் விளைவு. காய்ந்த குடுவையை மட்டும் கத்தரித்துவிட்டு இலையை விட்டுவையுங்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு மூன்று இலைகளில் செடி புதிய காற்றுக்குப் பழகி, மறுபடியும் குடுவை கட்டத் தொடங்கும்.